மூன்று மிதிகளின் மன்னர்

எதையும் கழற்றிப் பார்ப்பார். கழற்றியதைத் திரும்பப் பூட்டுவார். அதில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் ஒரே ஒரு பொருளைக் கழற்றி வைக்க மட்டும் பத்தொன்பது ஆண்டுகள் அவருக்கு மனம் வரவில்லை. கார் மன்னர் ஹென்றி போர்டின் கதை இது.

கடிகாரச் சிறுவன்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்று ஓர் ஊர். அதன் அருகே ஒரு பண்ணையில் 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஹென்றி பிறந்தான். தந்தை வில்லியம் போர்டு அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த விவசாயி.

ஹென்றிக்கு மாடும் பிடிக்கவில்லை, மண்வெட்டியும் பிடிக்கவில்லை. கையில் ஒரு கடிகாரம் கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் மறந்துவிடும். பக்கத்துப் பண்ணைக்காரர்களின் கடிகாரங்களை எல்லாம் பழுது பார்த்துக் கொடுத்தான்.

1876-ம் ஆண்டில் தாய் இறந்தாள். அப்போது அவனுக்கு வயது 12. அதே ஆண்டில் சாலையில் ஓர் அதிசயத்தைக் கண்டான். குதிரை இழுக்காமல் ஒரு நீராவி வண்டி தானாக ஊர்ந்து வந்தது. அந்தக் காட்சி அவன் மனதில் பசுமரத்தாணி போலப் பதிந்தது.

16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய் இயந்திரப் பட்டறையில் சேர்ந்தான். பகலில் பட்டறை, இரவில் கடிகாரம் பழுது பார்க்கும் வேலை.

சமையலறையில் எஞ்சின்

1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். பிறகு எடிசன் மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயர் ஆனார்.

1893-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவு. கிளாரா விருந்துச் சமையலில் இருந்தார். கணவர் ஒரு சிறு எஞ்சினைத் தூக்கி வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் பொருத்தினார். கிளாரா சமையலை நிறுத்திவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் ஊற்றினார். எஞ்சின் உறுமியது, வீடே அதிர்ந்தது. அப்போது அந்த வீட்டில் ஏழு வாரக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. அதுதான் எட்செல், அவர்களின் ஒரே பிள்ளை.

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் போர்டின் முதல் வண்டி தயாராயிற்று. ஆனால் கொட்டகையின் வாசலோ சிறியது. வண்டி வெளியே வரவில்லை! கோடரியால் செங்கல் சுவரை உடைத்து வண்டியை ஓட்டிச் சென்றார் போர்டு.

பிறகு கம்பெனி தொடங்கினார், அது மூழ்கியது. இன்னொன்று தொடங்கினார், அதிலிருந்து விலகினார். 1903-ல் தொடங்கிய மூன்றாவது கம்பெனிதான் நிலைத்தது.

கிரகங்களைப் போல

ஏழையும் வாங்கக்கூடிய கார் செய்ய வேண்டும் என்பது போர்டின் கனவு. தொழிற்சாலையில் ஓர் அறையைத் தனியாகத் தடுத்தார். தாயின் ஆடும் நாற்காலியை அங்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். ஹங்கேரியிலிருந்து வந்த ஜோசப் கலாம்ப் என்ற என்ஜினீயர் கரும்பலகையில் படம் வரைந்தார். இப்படிப் பிறந்தது 'மாடல் டி' கார். 1908-ம் ஆண்டு அது வெளிவந்தபோது விலை 850 டாலர்.

அந்தக் காரின் உயிர்நாடி கியர் பெட்டி. அக்காலத்தில் மற்றக் கார்களில் கியர் மாற்றுவது பெரும் பாடு. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரவென்று அலறும். சில சமயம் பல்லே உடைந்துவிடும்.

போர்டின் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. சூரியனைச் சுற்றும் கிரகங்களைப் போல, நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் எப்போதும் பல்லோடு பல் இணைந்தே இருந்தன. அவற்றுடன் மூன்று உருளைகள். ஒவ்வோர் உருளையைச் சுற்றியும் ஓர் எஃகுப் பட்டை. பட்டையின் உட்புறம் பருத்தி நாடா. காலால் மிதித்தால் பட்டை உருளையை இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான், வேகம் மாறிவிடும்!

மிதிகள் மூன்று. இடது மிதியை முழுவதும் அழுத்தினால் மெதுவான ஓட்டம். விட்டால் வேகமான ஓட்டம். நடு மிதி பின்னால் போக. வலது மிதி பிரேக். பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங் அருகே கைப்பிடி.

செங்குத்தான மேட்டில் வண்டி திணறினால் ஓட்டுகிறவர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றுவார். பின்னால் போகும் கியருக்கு இழுவை அதிகம். தொட்டியிலிருந்து பெட்ரோலும் தடையின்றி இறங்கும்.

கழற்றிப் பூட்டும் வேலை

பருத்தி நாடா தேய்ந்தால் விவசாயியே கால் பலகையை எடுத்து, மூடியைத் திறந்து, புது நாடா போட்டுக்கொள்வார். வேலை செய்யும்போது ஒரு நட்டு தவறி உள்ளே விழுந்தால் ஆபத்து. அதனால் விவரம் தெரிந்தவர்கள் உள்ளே துணியை அடைத்துக்கொண்டு வேலை செய்வார்கள்.

உருளையோ பற்சக்கரமோ தேய்ந்தால் வேலை பெரிது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒன்றாகவே வெளியே தூக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது பற்களில் உள்ள புள்ளி அடையாளங்கள் சரியாகப் பொருந்த வேண்டும். மூன்று சிறு சக்கரங்களும் நழுவாமல் இருக்க அவற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்டுவார்கள். கனமான சுழல் சக்கரத்தை மேஜைமேல் படுக்க வைத்து, அதன் அச்சு மேல்நோக்கி நிற்க, அதன்மேல் மொத்தத்தையும் தலைகீழாக இறக்குவார்கள். பிறகு கயிற்றை அவிழ்ப்பார்கள். பட்டையை அதிகம் இறுக்கினால் உருளை உரசும், தளர்த்தினால் வழுக்கும். பழைய மாடல் டி கார்களைப் பாதுகாப்பவர்கள் இன்றும் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

தந்தையும் மகனும்

கார் விற்றுக் குவிந்தது. 1913-ல் நகரும் வரிசை முறையைப் போர்டு கொண்டுவந்தார். பன்னிரண்டரை மணி நேர வேலை 93 நிமிடமாகக் குறைந்தது. 1914-ல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தருவதாக அறிவித்தார், உலகமே வியந்தது. 1925-ல் காரின் விலை 260 டாலருக்கு இறங்கியது.

ஆனால் காலம் மாறியது. சாலைகள் சீராயின. மூன்று வேகக் கியரும் அழகிய வண்ணமும் கொண்ட செவர்லே கார்கள் வந்தன. மாடல் டி-யில் அதே மூன்று மிதி, அதே இரண்டு வேகம்!

1912-லேயே அவருடைய ஆட்கள் திருத்திய கார் ஒன்றைச் செய்து வைத்து, வெளிநாட்டிலிருந்து திரும்பிய முதலாளிக்குக் காட்டினார்கள். அவர் அதன் கதவைக் கையாலேயே பிய்த்து எறிந்தார் என்று அங்கு வேலை செய்தவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள்.

எட்செல் 1919-ல் கம்பெனித் தலைவர் ஆனார். பெயருக்குத்தான் தலைவர். புது மாடல் வேண்டும் என்று தந்தையிடம் எத்தனையோ முறை மன்றாடினார், பலிக்கவில்லை. 1926-ல் எட்செலின் சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர் ஆறு பக்கக் கடிதம் எழுதி அதையே வற்புறுத்தினார். சில மாதங்களில் அவருக்கு வேலை போயிற்று.

கடைசி ஊர்வலம்

விற்பனை சரிந்தது. இறுதியில் கிழவர் இறங்கி வந்தார். 1927-ம் ஆண்டு மே 26-ந் தேதி ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. எட்செல் வண்டியை ஓட்டினார், பக்கத்தில் தந்தை. ஒரு யுகம் முடிந்தது.

ஆனால் புதுக் கார் தயாராக இல்லை. தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் நின்றன. பல்லாயிரம் தொழிலாளிகள் வீதியில் நின்றார்கள். ஒருவரின் பிடிவாதத்துக்குப் பல குடும்பங்கள் பட்டினி கிடந்தன.

அந்த ஆண்டில் போர்டு இன்னொன்றுக்கும் தலை குனிய நேர்ந்தது. அவருடைய பத்திரிகை யூதர்கள்மீது பல ஆண்டுகளாக வெறுப்பை வளர்த்திருந்தது. அதற்காக அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

டிசம்பரில் 'மாடல் ஏ' வந்தது. அதில் கிரகச் சக்கரங்கள் இல்லை.

திரும்பி வந்த சக்கரம்

1939-ல் ஒரு புதுமை நடந்தது. செவர்லேயைச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, தானே கியர் மாறும் ஆட்டோமேட்டிக் பெட்டியை அறிவித்தது. அதற்குள்ளே என்ன இருந்தது? கிரகச் சக்கரங்கள்! உருளைகள்! பட்டைகள்! மனிதன் காலால் அழுத்திய பட்டையை இப்போது எண்ணெயின் அழுத்தம் இறுக்கியது.

1943-ம் ஆண்டு எட்செல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 49. அன்றும் மே 26-ந் தேதிதான்! கடைசி ஊர்வலத்தில் தந்தையை உட்காரவைத்து ஓட்டிச் சென்று சரியாகப் பதினாறு ஆண்டுகள்.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி இரவு ஹென்றி போர்டும் கண் மூடினார். ஆற்று வெள்ளத்தால் வீட்டில் மின்சாரம் நின்றிருந்தது. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிய, கிளாரா பக்கத்தில் இருந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1949-ல், போர்டு கம்பெனி தன் லிங்கன் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை விலை கொடுத்து வாங்கியது. யாரிடம்? ஜெனரல் மோட்டார்ஸிடம்!

போர்டு நம்பிய சக்கரத்தில் குறை இல்லை. அதில் இன்னொருவர் கை வைக்க அவர் விடவில்லை, குறை அங்கேதான். பெற்ற மகனின் கையாவது படவிட்டிருந்தால், அந்தச் சக்கரம் வேறு வீட்டில் போய் வளர்ந்திருக்காது.