ஸ்டூடண்ட் என்று ஒரு பீர் ஆலைக்காரர்

பீர் என்றதும் ஹாஸ்டல் பக்கமிருந்து விசில் வேண்டாம்! நான் சொல்லப் போவது பீரைக் குடித்தவரைப் பற்றி அல்ல, அதற்கு வாங்கிய பார்லியையும் ஹாப்ஸையும் கணக்குப் போட்டுப் பார்த்தவரைப் பற்றி. புள்ளியியலில் 'ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்' என்று வருகிறதே, அந்த ஸ்டூடண்ட் இவர்தான். உண்மைப் பெயர் வில்லியம் சீலி காசெட்.

1876-ல் இங்கிலாந்தில் கேன்டர்பரி நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். 1899-ல் அயர்லாந்து போய், டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே என்ன பிரச்சினை தெரியுமா? பார்லியும் ஹாப்ஸும் வயலில் விளைவது. மூட்டைக்கு மூட்டை தரம் மாறும். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அதிலுள்ள பிசின்தான் பீருக்குக் கசப்பைத் தந்து, கெடாமலும் காக்கிறது. காற்றும் சூடும் பட்டால் அந்தப் பிசினே வீரியம் இழந்துவிடும். ஆகவே வாங்கும்போதும் பார்க்கணும், கிடங்கில் வைத்த பிறகும் பார்க்கணும். அதற்காக எல்லா மூட்டையையும் பிரிக்க முடியுமா? நாலைந்து சாம்பிள்தான் எடுக்கலாம். அதை வைத்து மொத்தச் சரக்கையும் எடை போடுவது எப்படி? அன்றைய கணக்கு முறைகள் பெரிய சாம்பிளுக்கே சரிப்பட்டன.

காசெட் விடவில்லை. 1906-ல் லண்டன் போய் கார்ல் பியர்சன் என்ற அறிஞரிடம் பயின்றார். 3000 குற்றவாளிகளின் உயரம், நடுவிரல் நீளம் ஆகிய அளவுகளை அட்டைகளில் எழுதிக் குலுக்கினார். நான்கு நான்காக 750 குழுக்கள் பிரித்து, தன் ஃபார்முலா சரிதானா என்று சோதித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம் நண்பர்களே!

1908-ல் கட்டுரை வெளிவந்தது. ஆலையின் கட்டுப்பாட்டால் சொந்தப் பெயரைப் போட முடியவில்லை. 'ஸ்டூடண்ட்' என்று போட்டார். பின்னாளில் ரொனால்ட் ஃபிஷர் அதை மேலும் செப்பனிட்டார். காசெட்டோ கடைசி வரை கின்னஸ் ஊழியராகவே இருந்து 1937-ல் காலமானார்.

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கு ஒரு அரியர் விழுந்தால், இந்த வீட்டுக்குப் படிப்பு வராது என்று தீர்ப்பு சொல்ல ஊரே காத்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சாம்பிளை வைத்து காசெட்டின் ஃபார்முலாவே போட முடியாது. குறைந்தது இரண்டு வேண்டும். அதனால்தான் வீட்டில் அடித்துச் சொல்லிவிட்டேன்: தங்கச்சியையும் படிக்க வைக்கணும்!