ஜார்ஜ் பிகட்

ஜார்ஜ் பிகட் (மார்ச் 4, 1719 – மே 11, 1777) பிரித்தானிய கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை ஆளுநராக இருமுறை பதவி வகித்தவர். தம் ஆட்சிமன்ற உறுப்பினர்களாலேயே கைது செய்யப்பட்டுப் பரங்கிமலையில் சிறை வைக்கப்பட்டவர்.

முதல் ஆட்சிக்காலம்

இலண்டனில் பிறந்த பிகட், 1736 இல் கம்பனியில் எழுத்தராகச் சேர்ந்து, 1755 இல் ஆளுநரானார். 1758-59 இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது புனித ஜார்ஜ் கோட்டையைக் காத்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. 1763 இல் பெருஞ்செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பினார்; 1766 இல் பிரபுப் பட்டம் பெற்றார்.

தஞ்சாவூர் விவகாரம்

1773 இல் கம்பனிப் படை தஞ்சாவூரைக் கைப்பற்றி ஆற்காடு நவாப் முகமது அலியிடம் ஒப்படைத்தது. இதை ஏற்காத கம்பனி இயக்குநர்கள், மராத்திய மன்னர் துளஜாவிடம் நாட்டைத் திருப்பியளிக்குமாறு ஆணையிட்டு, 1775 இல் பிகட்டை மீண்டும் ஆளுநராக அனுப்பினர். ஏப்ரல் 1776 இல் துளஜா மீண்டும் அரியணையேறினார்.

அப்போது கம்பனி ஊழியரான பால் பென்ஃபீல்டு, நவாபுக்கும் தஞ்சாவூர் மக்களுக்கும் தாம் கடன் கொடுத்ததாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சாவூரின் வருவாயும் விளைச்சலும் தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பதாகவும் உரிமை கோரினார். அத்தொகை ஏறத்தாழ 2,34,000 பவுண்டு. சிறிய ஊதியம் பெற்ற ஊழியரிடம் இவ்வளவு பணம் இருந்தது ஐயத்தை எழுப்பியது. ஆட்சிமன்றம் முதலில் கோரிக்கையை நிராகரித்தது. பின்னர் பெரும்பான்மை உறுப்பினர்கள் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தனர். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களுள் கம்பனி அலுவலர்கள் பலர் இருந்தமையால், தஞ்சாவூர் வருவாய் யாருக்கு என்பது அவர்களின் சொந்த நலனையும் தொட்டது.

கைதும் இறப்பும்

குற்றஞ்சாட்டப்பட்ட உறுப்பினர் வாக்களிக்க இயலாது என்ற விதியைப் பயன்படுத்தி, பிகட் 1776 ஆகஸ்டில் ஸ்டிராட்டன், புரூக் ஆகிய இருவரையும் பதவிநீக்கினார். இச்செயல் வரம்பு மீறியது எனக் கருதிய எதிரணியினர், தாங்களே முறையான அரசு என அறிவித்தனர். ஆகஸ்ட் 24 அன்று கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் வழியில் வண்டியை நிறுத்திப் பிகட்டைக் கைது செய்வித்தார்.

கோட்டைக்குத் தெற்கே பரங்கிமலையில் இருந்த பீரங்கிப்படை அதிகாரியின் இல்லத்தில் பிகட் காவலில் வைக்கப்பட்டார். உடல்நலம் குன்றியதால் ஏப்ரல் 1777 இல் கோட்டைக்கு அருகிலுள்ள கம்பனித் தோட்ட மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டு, மே 11 அன்று காவலிலேயே இறந்தார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தி, பின்னர் இரு தரப்பினரையும் திரும்ப அழைக்க இலண்டனில் முடிவு செய்யப்பட்டிருந்தது. ஆணை வந்து சேருமுன் அவர் இறந்துவிட்டார். புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்விளைவுகள்

சென்னையில் சுமத்தப்பட்ட கொலைக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. பிகட்டின் சகோதரர் ஹியூ பிகட் 1779 இல் இவ்விவகாரத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுப்பினார். ஆட்சிமன்ற உறுப்பினர்கள் நால்வர் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1780 இல் தலா 1,000 பவுண்டு அபராதம் மட்டும் விதிக்கப்பட்டது. ஸ்டுவர்ட் இராணுவ நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். பென்ஃபீல்டோ 1780 இல் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார். நவாபின் கடன்களைக் கர்நாடகப் பகுதியின் வருவாயிலிருந்து தீர்க்கும் முடிவை எட்மண்டு பர்க் 1785 இல் நாடாளுமன்றத்தில் வன்மையாகக் கண்டித்தார்.