முதலாம் இலக்கத் தாதி

1921 செப்டெம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்தில் அரச தாதியர் பதிவேடு திறக்கப்பட்டது. அதில் முதலாம் இலக்கம் ஒரு 64 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் வைத்தியசாலை வேலையை விட்டு 34 வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதிவேடு என்ற ஒன்று உருவாவதற்காக அந்த 34 வருடங்களில் பெரும்பகுதியைச் சண்டையிலேயே கழித்தவர் அவர். பெயர் எதெல் பெட்போர்ட் பென்விக்.

தாதியர் என்றதும் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் விளக்கு எல்லோருக்கும் ஞாபகம் வரும். பென்விக்கின் பெயரைத் தாதியர் கல்லூரிகளுக்கு வெளியே தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் இன்று ஒரு பிள்ளை தாதியாக வேலை செய்ய வேண்டுமென்றால் எந்த நாட்டிலும் தட்டவேண்டிய கதவு பென்விக் செய்த கதவுதான். எங்கே படித்தாய், எத்தனை மணித்தியாலம் வார்டில் நின்றாய், யார் மேற்பார்வை செய்தார், சான்றிதழ் எங்கே என்று அந்தக் கதவு கேட்கும். சுகாதாரத்துறை பற்றி எழுதுவதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. இணையத்திலும் தபாலிலும் படிக்கும் தாதியியல் பட்டத்தை அரசாங்கம் ஏற்குமா என்பது. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பெண்ணின் வாழ்க்கைக்குள் நான் நுழைந்தேன்.

1857இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தார். எதெல் கோர்டன் மான்சன் என்பது பிறந்த வீட்டுப் பெயர். தகப்பன் சிறு வயதிலேயே இறந்துவிட, தாய் மறுமணம் செய்துகொண்டார். சிறியதகப்பன் நாடாளுமன்ற உறுப்பினர், வசதியான வீடு. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்யத் தேவையில்லாத காலம் அது. 21 வயதில் நொட்டிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார், பிறகு மன்செஸ்டர் றோயல் இன்பேர்மரிக்குப் போனார். எல்லாமாகச் சுமார் ஒரு வருடப் பயிற்சி. அங்கிருந்து லண்டன் வைத்தியசாலையில் ஒரு வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். 1881இல், 24 வயதில், லண்டனின் மிகப் பழைய வைத்தியசாலைகளில் ஒன்றான சென் பார்த்தலோமியூவின் மேற்றன்.

இந்த ஒரு வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மேற்றனாக வந்தவர் செய்த பெரிய வேலை, அங்கே தாதியர் பயிற்சியை மூன்று வருடங்களாக நீட்டியது. அந்த நாட்களில் யாரும் தன்னைத் தாதி என்று சொல்லிக்கொள்ளலாம். சில மாதங்கள் வைத்தியசாலையில் நின்றவரும் தாதி, மூன்று வருடம் நின்றவரும் தாதி, ஒரு நாளும் நிற்காமல் வெள்ளை ஏப்ரன் வாங்கிக் கட்டியவரும் தாதி. ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் விருப்பத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது. வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, வாசலில் வந்து நிற்பவர் யாரென்று அறிய வழியில்லை.

1887இல் பெட்போர்ட் பென்விக் என்ற வைத்தியரை மணந்து, அக்கால வழக்கப்படி மேற்றன் பதவியை விட்டார். அதே வருடம் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை ஆரம்பித்தார். கோரிக்கை எளிமையானது: மூன்று வருடப் பயிற்சி, பொதுப் பரீட்சை, அரசாங்கம் வைத்திருக்கும் ஒரு பதிவேடு.

எதிர்த்து நின்றவர்களில் முதலாமவர் நைற்றிங்கேல். நல்ல தாதி என்பவள் குணத்தால் அறியப்படுபவள், குணத்தைப் பரீட்சைத்தாளால் அளக்கமுடியாது, ஒருமுறை பதிவான பெயர் அவள் பிறகு எப்படி நடக்கிறாள் என்பதைச் சொல்லாது என்பது அவருடைய வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. மற்ற எதிரிகளின் காரணம் அவ்வளவு உயர்வானதாக எனக்குத் தெரியவில்லை. பெரிய வைத்தியசாலைகளுக்குப் பயிற்சித் தாதியர் மலிவான உழைப்பு. லண்டன் வைத்தியசாலை இரண்டு வருடப் பயிற்சியோடு சான்றிதழ் கொடுத்து, தன் தாதியரைத் தனியார் வீடுகளுக்கு அனுப்பி அதில் வருமானமும் பார்த்தது. அரசாங்கம் அளவுகோலைக் கையில் எடுத்தால் இந்த வசதி போய்விடும்.

பென்விக் இலகுவான மனுஷி இல்லை. தான் தொடங்கிய சங்கத்திலிருந்தே சில வருடங்களில் ஓரங்கட்டப்பட்டார். அதற்கு அவர் அசைந்துவிடவில்லை. 1893இல் ஒரு தாதியர் பத்திரிகையைக் கையில் எடுத்து, பிறகு அதன் பெயரையும் மாற்றி, பல பத்து வருடங்கள் தானே ஆசிரியராக இருந்து நடத்தினார். எதிரிகளை அதில் வாரம் தவறாமல் கிழித்தார். பத்திரிகைக்காரி என்ற முறையில் எனக்கு அவரில் பிடித்த பக்கம் இதுதான். 1899இல் சர்வதேசத் தாதியர் பேரவையை ஆரம்பித்து அதன் முதல் தலைவரும் ஆனார். தாதியரைச் சட்டப்படி பதிவதில் சொந்த நாடு பின்தங்கவே, வேறு நாடுகள் முந்திக்கொண்டன. தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் 1891இலேயே சட்டம் வந்துவிட்டது. நியூசிலாந்து 1901இல் தாதியருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் 1903இல் வட கரோலினா தொடங்கிவைக்க, மாநிலம் மாநிலமாகப் பரவியது. லண்டனிலோ ஒரு தெரிவுக்குழு 1905இல் பதிவை ஆதரித்தும், சட்டமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாடாளுமன்றத்தில் விழுந்தன.

அவற்றை எழுப்பி நிறுத்தியது போர்தான். முதலாம் உலகப்போரில் பல்லாயிரம் பெண்கள் தொண்டர்களாகக் குறுகிய பயிற்சியோடு வைத்தியசாலைகளுக்குள் வந்தார்கள். காயம் கட்டினார்கள், கால் வெட்டும்போது பக்கத்தில் நின்றார்கள், செத்தவர்களின் கண்களை மூடினார்கள். போர் முடிந்ததும் இவர்களும் தாதியரா என்ற கேள்வி எழுந்தது. மூன்று வருடம் படித்தவர்களின் இடத்தை இவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று பென்விக் அஞ்சினார். 1919 டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது அதில் ஒரு இடைக்காலப் பிரிவு இருந்தது. 1919 நவம்பர் முதலாம் திகதிக்கு முன் குறைந்தது மூன்று வருடங்கள் உண்மையாகத் தாதித் தொழில் செய்தவர்கள், நன்னடத்தையும் போதிய அறிவும் அனுபவமும் இருந்தால், புதிய பரீட்சை எழுதாமலே பதியலாம். விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம்.

இந்தப் பிரிவைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ஏனென்று சொல்லத் தேவையில்லை. வன்னியில் கடைசி வருடங்களில் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களுக்குக் கீழும் இயங்கிய வைத்தியசாலைகளில் ஊசி போட்டவர்கள், சேலைன் பிடித்தவர்கள், குழந்தை பெறுவித்தவர்கள் எத்தனையோ பேர். கிளிநொச்சிப் பக்கம் நான் சந்தித்த ஒரு அக்கா இப்போது கடையொன்றில் வேலை செய்கிறார். அவர் காயம் தைத்த அனுபவத்தைக் கேட்டால் பதிவுபெற்ற தாதியரே அசந்துபோவார்கள். அவரிடம் இருப்பது ஒரு கொப்பியில் தானே எழுதிய மருந்துக் குறிப்புகள் மட்டும். எதையும் அவர் முறையிடவில்லை. தனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் எவர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. மேற்பார்வை செய்தவரின் கையெழுத்தைக் கொண்டு வா என்று எந்தச் சட்டமும் அவரிடம் எப்படிக் கேட்கமுடியும்?

பென்விக் கேட்டிருப்பார். பதிவேட்டை நடத்த அமைக்கப்பட்ட பொதுத் தாதியர் சபையில் அவர் பதிவுக் குழுவின் தலைவர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சான்றிதழையும் தன் கண்ணாலேயே சரிபார்க்கவேண்டும் என்று நின்றார். விண்ணப்பங்கள் குவிந்தன. சபை உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்து இராஜினாமாச் செய்தார்கள். அடுத்து வந்த தேர்தலில், பதிவேட்டில் இடம்பிடித்த தாதியரே அவரைத் தோற்கடித்தார்கள். 1923இல் நாடாளுமன்றம் தலையிட்டு, முறையான பயிற்சிச் சான்றிதழ் இல்லாத அனுபவசாலிகளுக்கும் பழையவர்கள் என்ற வகையில் வழியைத் தளர்த்தியது. அவருக்கு அது பெரிய தோல்வி. ஒரு வருடமே பயின்றவர், முப்பது வருடங்களுக்கு மேலாக வார்டில் வேலை செய்யாதவர், முதலாம் இலக்கத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களின் கடதாசியைத் தட்டிப்பார்த்தது என்று அவரை இகழ்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்குக் கிடைத்த ஒரு வருடம் போதாது என்று நோயாளியின் பக்கத்தில் நின்றபோதே அவர் கண்டிருக்கவேண்டும். அளவுகோல் அவரிடம் சரியாகவே இருந்தது, கடதாசிக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுமை இல்லை.

அவருடைய கேள்வி இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் நியூயோர்க்கின் எக்செல்சியர் கல்லூரி (முன்பு றீஜென்ற்ஸ்) 1970களிலிருந்து தொலைக்கல்வி வழியாகத் தாதியியல் பட்டம் கொடுத்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வைத்தியசாலைகளில் வேலை செய்த உதவித் தாதியர், அம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், இராணுவ மருத்துவ உதவியாளர். வீட்டிலிருந்து படித்தார்கள், கடைசியில் ஒரு வைத்தியசாலையில் சில நாட்கள் நேரடி நோயாளிகளோடு செயன்முறைப் பரீட்சை எழுதினார்கள். மற்றவர்கள் எழுதும் அதே அனுமதிப் பரீட்சையிலும் சித்தியடைந்தார்கள். பல மாநிலங்கள் ஏற்றன. கலிபோர்னியா, 2003 டிசம்பர் தொடக்கத்துக்குப் பின் சேர்ந்தவர்களை ஏற்கமாட்டேன் என்றது. படிக்கும் காலத்திலேயே மேற்பார்வையோடு வார்டுப் பயிற்சி இருக்கவில்லை என்பது காரணம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வேறு சில மாநிலங்கள் மேலதிக வார்டு மணித்தியாலங்கள் அல்லது வேலை அனுபவம் இருந்தால் அனுமதிப்பத்திரம் தருவோம் என்று இடைவழி வைத்தன. ஒரே பட்டம், ஆற்றுக்கு இந்தப்பக்கம் தாதி, அந்தப்பக்கம் தாதி இல்லை.

ஆகவே என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லக்கூடியது இதுதான். பட்டம் தரும் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்று கேட்பது போதாது. நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டின், சில நாடுகளில் மாகாணத்தின் அல்லது மாநிலத்தின், தாதியர் சபை அந்தப் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்கிறதா என்று பணம் கட்டமுதல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு. இங்கே தாதியர் பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. எங்கள் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம்கூட ஏற்கெனவே பதிவுபெற்ற தாதியர் மேலே படிப்பதற்கானது, பூச்சியத்திலிருந்து தாதியாவதற்கானது அல்ல. விளம்பரத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்லாத முகவரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

பென்விக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1926இல், கிட்டத்தட்ட 70 வயதில், இன்னொரு தாதியர் கல்லூரியை ஆரம்பித்தார். இரண்டாம் உலகப்போரில் மறுபடி தாதியர் பற்றாக்குறை வந்தது. 1943இல் நாடாளுமன்றம் பதிவேட்டுக்குப் பக்கத்தில், குறைந்த பயிற்சி பெற்ற உதவித் தாதியருக்கென்று இரண்டாவது ஒரு பட்டியலைத் திறந்தது. 86 வயதிலும் பென்விக் அதை எதிர்த்தார். 1947 மார்ச்சில் இறந்தார். அந்த இரண்டாம் பட்டியல் அவருக்குப் பிறகும் பல பத்து வருடங்கள் நீடித்தது. கரிபியன் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் போன எத்தனையோ பெண்கள் அதிலேயே தேங்கி, மேலே ஏற வழியில்லாமல் வேலை செய்தார்கள். 1990களில் அந்தப் பட்டியலில் இருந்த பலர் வேலையை விடாமல், இரவுக்கடமை முடிந்த பிறகு தொலைக்கல்விப் பாடங்களைப் படித்து, வார்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்தும் வாங்கி, பென்விக் திறந்த முதலாவது பதிவேட்டுக்குள் தங்கள் பெயரைக் கொண்டுபோனார்கள்.