ஒரு கதவைச் சாத்தியிருந்தால்... ஃபயர் மார்ஷல்களின் முன்னோடி பிரெய்ட்வுட் கதை!

ஆபீஸில் ஃபயர் டிரில் மணி அடித்தால் நீங்க என்ன செய்வீங்க? போனை எடுத்துக்கிட்டு படியில இறங்கி, கீழே ஒரு டீ குடிச்சுட்டு, பத்து நிமிஷத்துல சீட்டுக்குத் திரும்பிடுவீங்க. பளிச்னு ஒரு ஜாக்கெட் மாட்டிக்கிட்டு தலையை எண்ணிக்கிட்டு நிற்கிற ஃபயர் மார்ஷலைப் பார்த்து, இவருக்கு வேற வேலையே இல்லையானு மனசுக்குள்ள சிரிச்சிருக்கவும் கூடும்.

அந்த வேலைக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கார். பெயர், ஜேம்ஸ் பிரெய்ட்வுட். வாழ்க்கை முழுக்கத் தீயோடு மல்லுக்கட்டின மனுஷன். கடைசியில் அவர் உயிரைப் பறித்த தீயை வளர்த்தது என்ன தெரியுமா? பஞ்சும் சணலும், சாத்தாமல் விட்ட சில கதவுகளும்தான். அனகாபுத்தூர்க்காரங்க இந்தக் கதையைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோட படிக்கணும். பருத்தி, சணல், வாழைநார்னு நூலோடயே வாழ்ந்த ஊராச்சே!

கட்டடம் தெரிஞ்ச மனுஷன்

பிரெய்ட்வுட் 1800-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மரச்சாமான், கட்டட வேலை. பையனும் அதே தொழிலைக் கற்றுக்கொண்டார். சுவர் எதனால் நிற்கும், உத்தரம் எப்போது முறியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. 1824-ல் நகரத்துக்குப் புதிதாக ஒரு தீயணைப்புப் படை அமைத்தபோது தலைவராக அவரை நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயசு வெறும் 24.

பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே சோதனை வந்தது. அந்த நவம்பரில் எடின்பரோவின் பழைய பகுதி நாள்கணக்கில் எரிந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. புதுப் படைக்கு அனுபவம் போதவில்லை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், ஆளாளுக்கு உத்தரவு போட்டது. அதிகாரிகள் ஒன்று சொல்ல, மற்றவர்கள் வேறொன்று சொல்ல, வீரர்கள் நடுவில் தவித்தார்கள். அதன்பிறகுதான் தீ நடக்கும் இடத்தில் ஒருவர் சொல்வதே உத்தரவு என்று முடிவானது.

உங்க தெருவையே யோசிச்சுப் பாருங்க. ஒரு வீட்டில் சிலிண்டர் தீப்பிடித்தால் நாலு பேர் தண்ணீர் என்பார்கள், நாலு பேர் மண் என்பார்கள், பத்து பேர் வீடியோ எடுப்பார்கள். அந்தக் கூச்சலில் யார் சொல்றதைக் கேட்கணும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா, அதுவே பாதி உயிர்காக்கும்.

தெருவில் நின்றால் தீ அணையாது

பிரெய்ட்வுட் படைக்கு ஆள் எடுத்த விதம் சுவாரஸ்யமானது. கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், பிளம்பர் என்று தொழிலாளிகளாகப் பார்த்துச் சேர்த்தார். கூரை மேல் நடக்கவும், சுவர் எப்போது சாயும் என்று கணிக்கவும் அவர்களுக்குத்தானே தெரியும்? ஊர் தூங்கும் விடியற்காலை இருட்டில் பயிற்சி கொடுத்தார்.

அதுவரை தெருவில் நின்றபடி ஜன்னல் பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் வழக்கம். தண்ணீர் தீயின் மூலத்தில் விழவேண்டும், அதற்கு உள்ளே போகவேண்டும் என்றார் பிரெய்ட்வுட். யாரும் தனியாகப் போகக்கூடாது. புகை சூழ்ந்தால் தரையோடு தரையாகத் தவழவேண்டும், நல்ல காற்று கீழேதான் இருக்கும். இன்றைக்கு உங்க ஆபீஸ் டிரில்லில் சொல்லித்தருவதும் இதேதான். 1830-ல் இந்த அனுபவத்தையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

1833-ல் லண்டன் அவரை அழைத்துக்கொண்டது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த 80 பேர் படைக்குத் தலைவரானார். அடுத்த வருஷமே, 1834 அக்டோபர் 16-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீப்பிடித்தது. கட்டடத்தின் பெரும்பகுதி போய்விட்டாலும், பழம்பெரும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் அன்று தப்பியது. ரீல்ஸில் நீங்க பார்க்கிற பிக் பென் கோபுரம் அந்தத் தீக்குப் பிறகு கட்டினது.

அந்த சனிக்கிழமை

தேம்ஸ் கரையோரம் பெருகிவந்த பிரமாண்ட கிடங்குகள் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. தடுப்பில்லாத பெரிய கிடங்கில் தீப்பிடித்தால் யாராலும் கட்டுப்படுத்த முடியாது என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை. டூலி தெருவை ஒட்டிய கிடங்கில் தீ. உள்ளே பஞ்சு, சணல், கொழுப்பு, சர்க்கரை, வெடியுப்பு. தீ பரவாமல் தடுக்கவென்றே இரும்புக் கதவுகள் இருந்தன. ஆனால் அவை திறந்து கிடந்தன. ஆற்றிலும் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால், படகு இயந்திரங்களால் போதிய தண்ணீர் எடுக்க முடியவில்லை.

அனலில் களைத்து நின்ற தன் வீரர்களைத் தேற்றுவதற்காக அவர்கள் பக்கம் போனார் பிரெய்ட்வுட். அந்த நேரத்தில் சுவர் சரிந்து அவர் மேல் விழுந்தது. சுவர் எப்போது விழும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன்! இடிபாடுகளிலிருந்து உடலை எடுக்கவே சில நாள்கள் ஆயின. தீ முழுசாக அணைய இரண்டு வாரம் ஆனது. இறுதி ஊர்வலத்துக்கு லண்டனே திரண்டது.

நஷ்டத்தைத் தாங்கமுடியாத காப்பீட்டு நிறுவனங்கள், இனி இது அரசாங்கத்தின் வேலை என்று கைவிரித்தன. 1865-ல் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் மக்கள் பணத்தில் லண்டனுக்கு ஒரு பொதுத் தீயணைப்புப் படை உருவானது.

நம்ம நாட்டிலும் இதேபோல ஒரு நாள் உண்டு. 1944 ஏப்ரல் 14-ல் மும்பை துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றிவந்த கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தீயணைப்பு சேவை தினம்.

இப்போ உங்க படிக்கட்டைப் பாருங்க

சரி, அனகாபுத்தூருக்கு வருவோம். குறுகலான தெருக்கள், நெருக்கமான வீடுகள், இடையிடையே புது அப்பார்ட்மென்ட்டுகள். உங்க மாடிப்படியில் என்ன இருக்கு? ஸ்கூட்டர், பழைய பேப்பர் கட்டு, உடைந்த நாற்காலி, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் பைக்... தீப்பிடித்தால் எல்லாரும் ஓடவேண்டிய ஒரே வழி அதுதான்.

உங்க பிளாக்கில் யாராவது ஒருத்தர் ஃபயர் மார்ஷல் ஆகலாம். ஏன், நீங்களே ஆகலாம். தீயணைப்பான் சிலிண்டர்ல தேதி முடிஞ்சிடுச்சானு பார்க்கணும். நடக்கமுடியாத தாத்தா பாட்டி எந்த வீட்டில் இருக்காங்கனு தெரிஞ்சிருக்கணும். வெளியே வந்து எங்கே கூடணும்னு முடிவு பண்ணணும். தீ என்றால் லிஃப்ட் வேண்டாம். வெளியே வந்ததும் 101 அல்லது 112-க்கு அழைக்கணும்.

முக்கியமா, தீத்தடுப்புக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்காதீங்க. பூட்டவும் பூட்டாதீங்க. சாத்துறது தீக்கு, பூட்டுறது மனுஷனுக்கு.

இன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது லிஃப்ட்டை விட்டுட்டுப் படியேறிப் பாருங்க. சாத்தியிருக்கவேண்டிய கதவு ஒண்ணு திறந்து கிடந்தா, சாத்திட்டுப் போங்க.