பொறி எழும் கணம்: ஜி.டி. நாயுடு

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் பாவிழைகள் மேலும் கீழுமாக விலகி வழிவிடும் சிறு இடைவெளியிலேயே நாடா ஊடே பாய்ந்து செல்ல வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நாடா சிக்கி இழைகள் அறுந்துபோகும். பெட்ரோல் இயந்திரத்தின் உள்ளேயும் இத்தகையதொரு கணம் உண்டு. உருளைக்குள் அழுத்தப்பட்ட எரிபொருட்கலவை எரிந்து முழு விசையைத் தரவேண்டுமாயின், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே மின்பொறி எழவேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும் நான்கு வீச்சு இயந்திரத்தில், ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை இது நிகழ்கிறது. இயந்திரங்களின் இத்தகைய நுட்பங்களை, ஏட்டின் துணையின்றி இரும்பைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்ட தமிழர் ஒருவர் உண்டு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 மார்ச் 23 அன்று, வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளி அவரைத் தன்பால் ஈர்க்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. வயலில் உழைத்த அவ்விளைஞரின் மனத்தை மாற்றியது ஆங்கிலேய வருவாய் அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வூர்தியை எவ்வாறேனும் அடைய வேண்டும் என்ற வேட்கை அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றது. அங்கே உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலை பார்த்தார். கூலியைச் செலவிடாமல் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பின்னர் அந்த அலுவலரிடமே சென்று, 300 ரூபாய்க்கு அவ்வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. திருகுகளைக் கழற்றி வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். சொல்லுதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயலின் அருமையை இயந்திரம் அறிந்தோரே உணர்வர். அக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் மின்பொறியை எழுப்பியது மாக்னெட்டோ என்னும் கருவி. காந்தப்புலத்தில் சுருள் சுழல, தொடுமுனைகள் விலகும் கணத்தில் உயர் மின்னழுத்தம் பிறந்து பொறியாகத் தாவும். மாக்னெட்டோவைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கால், அதன் முனைகள் விலகும் கணமும் பிஸ்டன் நிற்கும் இடமும் ஒத்திருத்தல் வேண்டும். பல் ஒன்று மாறினும் பொறி முந்திக்கொள்ளும். இயந்திரம் பின்னுதைத்து, உதைத்துக் கிளப்புபவரின் காலையே பதம் பார்க்கும். பிந்தினாலோ விசை குன்றும். இயந்திரம் அளவின்றிச் சூடேறும். இவற்றை விளக்கும் தமிழ் நூல் எதுவும் அன்று கலங்கல் இளைஞரின் கைக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லை.

நூறாண்டு கடந்தும் அச்சிக்கல் உருமாறி நிற்கிறதேயன்றி மறையவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளின் ஆலைகளிலிருந்து இன்று வெளிவரும் ஊர்திகளில் தொடுமுனைகள் இல்லை. மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு அனுப்பும் தூண்டல் சைகையே பொறியை எழுப்புகிறது. சைகை எழும்போது சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது; தாழும்போது அறுபட்டுப் பொறி பிறக்கிறது என்று கொள்வோம். ஆலையின் அலகை அகற்றி வேறொன்றைப் பொருத்துவோர், இம்முறையைத் தலைகீழாக அமைத்துவிட்டால் பொறி தவறான கணத்தில் எழுவதுடன், ஓய்வின்றி மின்னேறும் சுருளும் கருகிப்போகும். சில சுருள்களுக்குள் மின்விசைமாற்றி அமைந்திருக்கும். அவற்றுக்கு மெல்லிய சைகையே போதும். அஃது இல்லாத சுருளை அம்மெல்லிய சைகைக்கென அமைந்த முனையில் நேரே இணைத்தால் அலகே பழுதாகும். கருவி மாறினும், இரண்டையும் அறிந்து இணைக்கும் பொறுமையே இன்றும் வேண்டப்படுகிறது.

1920இல் நாயுடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அம்முயற்சிக்குத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துணைநின்றார். அவ்வொற்றைப் பேருந்தே பெருநிறுவனமாக வளர்ந்தது. காசு கொடுத்து ஏறியவர்கள் நடுவழியில் நிற்கக்கூடாது என்பதால், பழுதைப் பழுதாகும் முன்னரே அறியும் வழிகளைத் தம் பட்டறையில் தேடினார். இயந்திரத்தின் அதிர்வைக்கொண்டு குறையைக் காட்டும் கருவி அத்தேடலில் விளைந்தது.

பின்னர் அவர் படைத்தவை பல. உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேட்டுக்கு இடந்தராத வாக்குப்பதிவு எந்திரம் எனப் பட்டியல் நீளும். 1937இல் அவரும் து. பாலசுந்தரமும் இணைந்து பீளமேட்டில் உருவாக்கிய மின் மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டாராகப் போற்றப்படுகிறது.

பள்ளியை விட்டவர் என்பதால் அவரைக் கல்வியின் பகைவராகக் கருதுவது பிழை. 1945இல், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றக் காரணமானவர் அவரே. அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியல் பயில நான்காண்டுகள் மிகை, பட்டறையில் பயிற்றினால் குறுகிய காலமே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் மதிப்பீடு எல்லாத் துறைக்கும் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியதே. ஆனால் தொட்டறியாத கல்வியின் குறையை அவர் சரியாகவே கண்டிருந்தார்.

அவர் வாழ்வின் பெரிய ஏமாற்றம் 1952இல் நேர்ந்தது. இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கி, அதை 2,000 ரூபாய்க்கு விற்க இயலும் என்று காட்டினார். எளியோரும் ஊர்தி வாங்க வழி பிறந்திருக்கும். ஆனால் புதிய தொழிலைத் தொடங்க அரசின் உரிமம் வேண்டும் என்னும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது. காரைத் தயாரிக்க அவருக்கு உரிமம் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய கைகள் செய்த கார் சந்தைக்கு வராமலே நின்றது. அதன் பின்னரும் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஜி.டி. நாயுடு, 1974 ஜனவரி 4 அன்று கோயம்புத்தூரில் மறைந்தார்.