தங்கையின் நோயும் தமக்கையின் தொண்டும்

மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராகவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தமிழ்நாட்டில் பலரும் அறிவர். கொல்லிமலையில் செம்மேட்டை அடுத்த எங்கள் சிற்றூரிலும் கருவுற்ற பெண்கள் நிரப்பும் விண்ணப்பத்தில் அப்பெயர் இருக்கும். எனக்கு அவர் வேறு வழியில் அறிமுகமானார். என் தங்கைக்கு இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிக் குணப்படுத்த வழியில்லை என்று மருத்துவர்கள் தெரிவித்த பிறகு, மருத்துவமனைத் தாழ்வாரங்களில் காத்திருந்த நாள்களில்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். அவரும் உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பெண்கள் பள்ளிப் படிப்பைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலத்தில், ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது ஊரே எதிர்த்தது. எனினும் மன்னரின் ஆதரவு கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் சிறப்பாகத் தேறினார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பெயரும் புகழும் பெற்ற மருத்துவராக அவர் விளங்கிய அந்தக் காலத்தில்தான் தங்கை சுந்தராம்பாள் நோயுற்றார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் சுந்தராம்பாள் காலமானார்.

இந்த இடத்தைப் படித்தபோது என்னால் மேலே செல்ல இயலவில்லை. என் தங்கையின் வலியையும் நாங்கள் பல மாதங்கள் வயிற்றுப்புண் என்றே எண்ணியிருந்தோம். சந்தையில் மிளகு விற்ற பணத்தில் மாத்திரை வாங்கி உண்டு, களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். முன்பே அழைத்துச் சென்றிருக்கலாமே என்ற குற்றவுணர்வு, நோயாளியின் உடன்பிறந்தோரை இரவில் உறங்கவிடாது. ஆனால், மருத்துவம் கற்ற தமக்கை வீட்டிலேயே இருந்தும் ஒரு நோய் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. படிப்பறியாத என் தாயும் மலைக்காட்டை நம்பி வாழும் என் மைத்துனரும் தங்களை நொந்துகொள்வதில் என்ன நியாயம்? முத்துலட்சுமியின் வாழ்க்கை எங்கள் குடும்பத்துக்கு அளித்த முதல் ஆறுதல் இதுவே.

தங்கையின் மறைவுக்குப் பின் முத்துலட்சுமி ஓய்ந்துவிடவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றவர் அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளையும் கண்டறிந்தார். நாடு திரும்பியதும் சென்னை சட்டமன்ற மேலவையில் இடம்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிப்பதற்கான முயற்சியை அங்குதான் தொடங்கினார். அது 1947-இல் முழுமையான சட்டமானது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தைத் தொடங்கினார்.

இத்தனை பணிகளுக்கிடையிலும் தங்கையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவர் முன்வைத்தார். ஆதரவு எளிதில் கிட்டவில்லை. புற்றுநோய் வந்தால் மரணம் உறுதி, அதற்கு எதற்கு மருத்துவமனை என்பதே ஆட்சியாளர்களிடமும் இருந்த மனப்போக்கு. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் அவர் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன. முத்துலட்சுமிக்கு வயது 67.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். 1956-இல் பத்ம பூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

குணமாகாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை இரண்டு விடைகளைத் தருகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம் என்பது முதல் விடை. குணப்படுத்த முடியாதவரையும் கைவிடலாகாது என்பது இரண்டாவது. முதல் விடையை நாம் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டோம். இரண்டாவதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை என்பதை என் தங்கையின் கடைசி நான்கு மாதங்கள் எனக்கு உணர்த்தின.

சிகிச்சையை நிறுத்திக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றாள் அவள். நோயின் நிலையை அவளிடமிருந்து மறைக்கவே நாங்கள் முயன்றோம். எங்கள் முகங்களைப் பார்த்தே அவள் அறிந்திருந்தாள். மறைப்பதை விட்ட பிறகுதான் வீட்டில் பேச்சு பிறந்தது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது, நிலத்தின் பட்டா யார் பெயரில் இருப்பது என்பதையெல்லாம் அவளே முடிவு செய்தாள். இரவில் விழித்திருப்பதை நாங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டோம். அண்டை வீட்டார் பிள்ளைகளுக்குச் சோறிட்டனர். என் மைத்துனருக்கு வாரத்தில் ஒரு நாளாவது உறங்கக் கிடைத்ததே பேருதவியாக இருந்தது.

ஆனால், அன்பினால் ஆற்ற முடியாத ஒன்று உண்டு, அது வலி. முற்றிய புற்றுநோயின் வலியைத் தணிக்கும் மார்பின் மாத்திரை விலை உயர்ந்ததன்று. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை இருப்பு வைத்து வழங்குவது எளிதாக்கப்பட்டது. ஆயினும், அந்த மாத்திரைக்காக நான் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அங்கிருந்து நகருக்குச் சென்று திரும்ப வேண்டியிருந்தது. பேருந்து தாமதமான நாள்களில் அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உலகில் நோய் ஆதரவு சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்த எண்ணின் பொருள் எங்கள் வீட்டுத் திண்ணையில் எனக்கு விளங்கியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. பாராட்டுக்குரிய ஏற்பாடு. அது சமவெளிக்கு மட்டுமானதாக நின்றுவிடலாகாது. மலைப்பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருக்க வேண்டும். மார்பின் மாத்திரை அங்கேயே கிடைக்க வேண்டும். நோயாளியைக் கவனிக்கும் உறவினருக்குப் புண்ணைத் துடைக்கவும், படுக்கையில் புரட்டிப் படுக்கவைக்கவும் கற்றுத்தர வேண்டும். இவற்றுக்குப் பெருங்கட்டடம் தேவையில்லை. 12 படுக்கைகள்கூடத் தேவையில்லை.

தங்கையை இழந்த ஒரு தமக்கை, அடுத்தவரின் தங்கைக்காக 31 ஆண்டுகள் உழைத்தார். எல்லோராலும் மருத்துவமனை எழுப்ப இயலாது. நான் செய்வது சிறிது. எங்கள் மலையில் எவருக்கேனும் இந்நோய் என்று கேள்விப்பட்டால் அவர் வீட்டுக்குச் செல்கிறேன். எந்த நாளில் எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், எந்தச் சான்று வேண்டும் என்று சொல்கிறேன். நகருக்குப் போகும்போது அவர்களுடைய மருந்துச் சீட்டையும் வாங்கிச் செல்கிறேன். வலியோடு ஒருவர் பேருந்துக்குக் காத்திருக்கும் நிலையை மாற்றுவது மட்டும் அரசின் கையில் இருக்கிறது.