ஐடா ஸ்கட்டர் அம்மையார்

ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1870-ம் ஆண்டு இராணிப்பேட்டையில் மிஷனெரிக் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் இந்நாட்டில் ஊழியஞ் செய்ய அவர் விரும்பினாரல்லர். திண்டிவனத்தில் ஓரிரவு, பிரசவ வேதனையுற்ற தம் மனைவியர்க்கு உதவி வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். ஆடவர் மருத்துவம் பார்க்கலாகாதென்னும் வழக்கத்தால், டாக்டராகிய அவர் தந்தையாரை அவர்கள் ஏற்றிலர். பொழுது விடியுமுன் அப்பெண்கள் மூவரும் மாண்டனர். அம்மரணங்களே ஐடாவை மருத்துவம் பயிலச் செய்தன.

1900-ல் டாக்டராய்த் திரும்பியவர், 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளுள்ள ஆஸ்பத்திரியைத் திறந்தார். அதற்கு வரவியலாத கிராமத்தார்க்கு வழியோர மரநிழலிற் சிகிச்சை புரிந்தார். தாமொருவரே போதாரென்றுணர்ந்து, 1909-ல் தாதியர் பயிற்சியும், 1918-ல் மாதர் வைத்தியப் பாடசாலையும் தொடங்கினார். 1960-ல், அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இன்று மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிற் கர்ப்பிணிகளை இல்லந்தேடிச் செல்லுஞ் செவிலியரைக் காணுந்தோறும், அம்மூவர்க்கும் அவ்விரவிற் கிட்டாத உதவியை நினைவோமாக.